சாங் காங்-ஹோ: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாங் காங்-ஹோ யார்?

'பாரசைட்' படத்தில், தரைக்குப் பாதி கீழே இருக்கும் வீட்டில் உட்கார்ந்து குடும்பத்தோடு பீட்சா பெட்டி மடிக்கிறாரே, அந்த அப்பா. தமிழ்நாட்டில் பலருக்கு அவரைத் தெரியவந்தது அந்தப் படத்தில்தான். ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே கொரியாவில் அவர் பெரிய நடிகர். உளவாளி, மல்யுத்த வீரர், வட கொரிய ராணுவ சார்ஜன்ட், கிராமத்துப் போலீஸ், பாதிரியார், அரசர், வழக்கறிஞர், டாக்ஸி ஓட்டுநர் என்று அவர் போடாத வேடம் குறைவு. 2020இல் நியூயார்க் டைம்ஸ் இந்த நூற்றாண்டின் சிறந்த 25 நடிகர்களைப் பட்டியலிட்டபோது அவருக்கு 6ஆவது இடம் கொடுத்தது. 2022இல் பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார்.

எனக்கு அவரைப் பிடித்த காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. திரையில் ஒரு ஆளைக் காட்டி நம்மைச் சிரிக்க வைப்பார். சிரித்து முடிப்பதற்குள் அந்த ஆளுக்காக நாம் பயப்படத் தொடங்கியிருப்போம். இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் மாறினார் என்று எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதைப் பற்றித்தான்.

படங்களின் முடிவை இங்கே சொல்லியிருக்கிறீர்களா?

சில படங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பார்க்காதவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள். 'பாரசைட்' முடிவைத் தொடவில்லை.

எந்த ஊர்க்காரர்? நடிப்பை எங்கே படித்தார்?

1967இல் தென் கொரியாவின் தென்கிழக்கில் உள்ள கிம்ஹே நகரத்தில் பிறந்தவர். அந்த ஊர்ப் பெயரைத் தமிழர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடல் கடந்து கப்பலில் வந்து பழங்காலக் கொரியாவின் கயா நாட்டு அரசர் சூரோவை மணந்ததாகச் சொல்லப்படும் ராணி ஹோவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 'அயுதா' என்ற நாட்டிலிருந்து வந்தவர் என்று 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலான 'சம்குக் யூசா' சொல்கிறது. அது அயோத்தி என்று ஒரு சாராரும், தமிழ்நாட்டுக் கடற்கரை என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். அது தனிக் கதை.

நடிப்புக் கல்லூரி எதிலும் அவர் முறையாகப் படிக்கவில்லை. நாடகக் குழுக்களில் சேர்ந்து மேடையிலேயே கற்றுக்கொண்டவர். 1990களின் தொடக்கத்தில், உள்ளுணர்வுக்கும் அந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்வதற்கும் முக்கியத்துவம் கொடுத்த இயக்குநர் கீ குக்-சோவின் குழுவில் இருந்தார். வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்காமல், அந்த நொடியில் மனதில் தோன்றியதைப் பேசுவதுபோலப் பேசுவது அங்கே வந்த பழக்கம் என்றே நினைக்கிறேன். 1996இல் இயக்குநர் ஹாங் சாங்-சூவின் முதல் படத்தில் ஒரு சிறிய வேடத்தில் வந்துபோனார். அடுத்த வருடம் லீ சாங்-டோங்கின் முதல் படமான 'கிரீன் ஃபிஷ்'ஷில் அடியாளாக நடித்தார். அவரை நிஜ ரவுடி என்றே நினைத்தவர்கள் உண்டாம்.

முதன்முதலில் மக்கள் கவனித்தது எந்தப் படத்தில்?

1997இல் வந்த 'நம்பர் 3'. அதில் அவர் ஒரு திக்குவாய் ரவுடி. மலையில் ஒரு குடிலில் மூன்று பையன்களை அடைத்துவைத்து அவர்களுக்குக் கொலைத் தொழில் பயிற்சி கொடுப்பார். பசியோடு இருந்தால்தான் ஜெயிக்க முடியும் என்று ஒரு சொற்பொழிவு. ராமென் நூடுல்ஸ் மட்டுமே சாப்பிட்டு ஓடி மூன்று தங்கம் வாங்கினாள் என்று சொல்லும்போது ஓட்டக்காரி பெயருக்குப் பதிலாக ஒரு டேபிள் டென்னிஸ் வீராங்கனை பெயரைச் சொல்லிவிடுவார். 1986 ஆசிய விளையாட்டில் ஓடி ஜெயித்தவர் இம் சுன்-ஏ. பையன் ஒருவன் அதைப் பணிவோடு திருத்தப் போக, அடி பின்னி எடுத்துவிடுவார். நான் சொன்னால் அதுதான் சரி என்று கத்த நினைக்கிறார், திக்குவதால் சொல் வர மறுக்கிறது, அதனால் கோபம் இன்னும் ஏறுகிறது.

கொரியாவில் இன்றைக்கும் அந்தக் காட்சியை நடித்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த அறையில் இருக்கும் பையன்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் வயிறு கலங்கும். அந்தப் படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான புளூ டிராகன் விருது கிடைத்தது.

கதாநாயகனானது எப்போது?

2000இல். அதற்கு முந்தைய வருடம் 'ஷிரி' கொரியத் திரையுலகத்தின் வசூலையே புரட்டிப் போட்டது. அதில் அவர் இரண்டாவது ஆள், வேடமும் சாதாரணமானது. ஆனால் 2000இல் கிம் ஜீ-வூன் 'த ஃபவுல் கிங்' எடுத்தபோது முழுப் படத்தையும் அவர் தோளில் வைத்தார். பகலில் வங்கி குமாஸ்தா, மேலதிகாரி கழுத்தைப் பிடித்து இறுக்கினால்கூட எதிர்க்கத் தெரியாதவர். இரவில் முகமூடி போட்டுக்கொண்டு விதிமீறி ஆடும் மல்யுத்த வீரர். கதை அவ்வளவுதான். அந்த ஆள் முகமூடியைப் போட்டதும் நிற்கும் விதமே மாறும். கழற்றினால் பழைய கூனல் வந்துவிடும்.

அதே வருடம் பார்க் சான்-வூக்கின் 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா'. எல்லைக் கோட்டின் இரு பக்கமும் காவல் நிற்கும் வட, தென் கொரியச் சிப்பாய்கள் ரகசியமாக நண்பர்களாகிறார்கள். இவர் வட கொரிய சார்ஜன்ட் ஓ. தென் கொரியச் சிப்பாய் அவருக்குச் சாக்கோ பை கொண்டுவந்து தருகிறான். வாய் நிறைய அதைத் திணித்துக்கொண்டு ரசித்துச் சாப்பிடுகிறார். தெற்கே வந்துவிட்டால் இதை வயிறு வெடிக்கச் சாப்பிடலாமே என்று அவன் விளையாட்டாகக் கேட்கிறான். அறையே அமைதியாகிவிடுகிறது. வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டு, அவனைப் பார்த்து, தன் நாடு ஒருநாள் இந்தத் தீபகற்பத்திலேயே சிறந்த தின்பண்டத்தைச் செய்யும், அதுதான் என் கனவு, அதுவரை இதைத்தான் ஏங்கிச் சாப்பிட வேண்டும் என்கிறார். சொல்லிவிட்டுத் துப்பியதை மறுபடி வாயில் போட்டுக்கொள்கிறார்.

அந்த ஒரு நிமிடத்தில் தின்பண்டப் பிரியர், நாட்டுக்கு விசுவாசமான சிப்பாய், நண்பனின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்று மூன்று பேரும் தெரிகிறார்கள். நான் யாருக்காவது அவரை அறிமுகப்படுத்தும்போது முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

எல்லாப் படத்திலும் அதே முகம்தானே? இதில் பன்முகம் எங்கே இருக்கிறது?

ரொம்ப நியாயமான கேள்வி. உடம்பை இளைத்து ஏற்றி, மூக்கை மாற்றி, பார்த்தால் அடையாளமே தெரியாமல் நடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் பெரிய உழைப்பு. சாங் காங்-ஹோ பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. அதே உருண்டை முகம், அதே கண், தெற்கத்திப் பேச்சின் சாயல் கொஞ்சம் ஒட்டிய அதே குரல். மாறுவது வேகம். எவ்வளவு தாமதமாக ஒரு விஷயம் அந்த ஆளுக்குப் புரிகிறது என்பதை அவர் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

'த ஹோஸ்ட்' (2006) எடுத்துக்கொள்ளுங்கள். ஹான் ஆற்றங்கரையில் அப்பா வைத்திருக்கும் பெட்டிக்கடையில் தூங்கி வழியும் காங்-டு. மஞ்சள் சாயம் அடித்த தலை. செயின் கழன்ற சைக்கிள் மாதிரி, கால் ஓடினாலும் ஆள் முன்னால் போக மாட்டார். அவர் மகளை ஒரு ராட்சத மிருகம் தூக்கிக்கொண்டு போகிறது. மகள் உயிரோடு இருக்கிறாள், போன் செய்தாள் என்று அதிகாரிகளிடம் சொல்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் பேசுவதும் பேச்சுதானே, ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள் என்று அழுகிறார். அதுவரை நாமும் அந்த ஆளைக் கேலியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேச்சைக் கேட்காதவர்களில் நாமும் அடக்கம்.

இதற்கு நேரெதிர் 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா'வின் சார்ஜன்ட். அவருக்கு எல்லாரையும்விட முன்னாலேயே புரிந்துவிடும், ஆனால் கடைசியாகத்தான் பேசுவார். இரண்டு வேடத்துக்கும் ஒப்பனையில் பெரிய வித்தியாசம் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவருக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் இருவரும் ஒரே ஆள் என்பதைச் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' கடைசிக் காட்சியில் அவர் ஏன் நம்மைப் பார்க்கிறார்?

1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். 2003இல் போங் ஜூன்-ஹோ அதைப் படமாக எடுத்தபோது கொலையாளி யாரென்று தெரியாது. சாங் காங்-ஹோ நடித்தது பார்க் டூ-மான் என்ற உள்ளூர்த் துப்பறிவாளரை. கண்ணைப் பார்த்தாலே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்பவர். சாட்சியம் இல்லையென்றால் அடித்து வாக்குமூலம் வாங்குபவர். முதல் அரை மணி நேரம் வயல் வரப்பில் வழுக்கி விழும் அதிகாரிகளும், தடயத்தின் மேல் ஏறிப்போகும் டிராக்டரும், சியோலில் இருந்து வந்த போலீஸ்காரரையே குற்றவாளி என்று நினைத்து இவர் பறந்து உதைப்பதுமாகச் சிரிப்புப் படமாகவே போகும்.

அப்புறம் மழையில், ரயில் சுரங்கப்பாதை வாசலில் ஒரு காட்சி. சந்தேகப்பட்ட இளைஞன்தான் கொலையாளி என்று இவரும் அந்தச் சியோல் போலீஸ்காரரும் நம்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த மரபணு அறிக்கை கைவிட்டுவிடுகிறது. பார்க் டூ-மான் அந்த இளைஞனின் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறார். தெரியவில்லை என்கிறார். படம் முழுக்க அந்த மனிதர் கட்டியிருந்த நம்பிக்கை அங்கே உடைகிறது. பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்: சாப்பாடெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அந்த வசனம் எழுதிக்கொடுத்ததில் இல்லை. சாங் காங்-ஹோ தானே யோசித்துச் சொன்னது. கொலைகாரனாக இருக்கக்கூடிய ஒருவனிடம் ஊர்க்காரர் போலச் சோறு விசாரிப்பதற்குள் வெறுப்பு, களைப்பு, இரக்கம் எல்லாம் கலந்து கிடக்கிறது. கொரியாவில் அந்த வசனம் தெரியாதவர் குறைவு.

கடைசிக் காட்சியில் அவர் போலீஸ் வேலையை விட்டுவிட்டு விற்பனைத் தொழிலில் இருக்கிறார். முதல் உடல் கிடைத்த வாய்க்காலை எட்டிப் பார்க்கிறார். சமீபத்தில் இன்னொருவரும் வந்து இதே மாதிரிப் பார்த்தார் என்று ஒரு சின்னப் பெண் சொல்கிறாள். எப்படி இருந்தார்? சாதாரணமாக இருந்தார். அப்போதுதான் அவர் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறார். வெளியே எங்கோ இருக்கும் கொலையாளி தியேட்டருக்கு வந்தால் அவன் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும் என்பது போங்கின் எண்ணம். 2019இல் மரபணுச் சோதனையில் லீ சுன்-ஜே என்பவர் அகப்பட்டார். வேறொரு கொலைக்காக 1990களின் நடுவிலிருந்தே ஆயுள் தண்டனையில் இருந்தவர். அது தெரிந்த பிறகு அந்தப் பார்வையைத் திரும்பப் பார்த்தேன். கோபமாக இருக்கும் என்று ஞாபகம் வைத்திருந்தேன், கெஞ்சலும் இருக்கிறது.

போங் ஜூன்-ஹோவுக்கும் அவருக்கும் அப்படி என்ன நெருக்கம்?

அதற்கு ஒரு நல்ல கதை உண்டு. போங் உதவி இயக்குநராக இருந்த காலத்தில் சாங் காங்-ஹோ ஒரு படத்துக்கு வாய்ப்புக் கேட்டுப் போய், கிடைக்காமல் திரும்பினார். பொதுவாக அப்படி நிராகரித்தவர்களுக்கு யாரும் தகவல்கூடச் சொல்ல மாட்டார்கள். போங் அவருடைய பேஜரில் நீளமான ஒரு செய்தி விட்டாராம்: இந்த முறை அமையவில்லை, ஒருநாள் கண்டிப்பாகச் சேர்ந்து வேலை செய்வோம் என்று. சில வருடம் கழித்துச் சாங் பெரிய நட்சத்திரம். போங்கின் முதல் படம் ஓடவில்லை. அந்த நிலையில் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' கதையோடு வந்தபோது, பேஜர் செய்தியை மறக்காத சாங் ஒப்புக்கொண்டார்.

பிறகு 'த ஹோஸ்ட்', 2013இல் 'ஸ்னோபியர்சர்', 2019இல் 'பாரசைட்'. ஹாலிவுட் நடிகர்கள் நிறைந்த 'ஸ்னோபியர்சர்' படத்திலும் அவர் கொரிய மொழியிலேயே பேசி நடித்தார்.

'பாரசைட்' பற்றி ஒரே ஒரு காட்சி சொல்கிறேன். வெள்ளத்தில் வீடு மூழ்கிய மறுநாள், பணக்கார அம்மா காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, நேற்றுப் பெய்த மழை எவ்வளவு நல்லதாகிவிட்டது என்று போனில் மகிழ்ந்து பேசுகிறார். அப்புறம் முகம் சுளித்து ஜன்னலைத் திறக்கிறார். அவருடைய ஓட்டுநரான கி-டேக் (சாங்) தன் சட்டையை மோந்து பார்க்கிறார். சாங் காங்-ஹோவுக்கு அங்கே வசனம் எதுவும் இல்லை. முன்பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்த கண்ணில் ஏதோ ஒன்று அணைகிறது. படத்தின் மீதிப் பகுதி எங்கே போகப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

'எ டாக்ஸி டிரைவர்' உண்மைக் கதையா?

அடித்தளம் உண்மை. 1980 மே மாதம் குவாங்ஜு நகரத்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மக்கள் எழுந்தபோது ராணுவம் அவர்களைச் சுட்டது. ஊரைச் சுற்றி வளைத்துச் செய்தி வெளியே போகாமல் அடைத்தார்கள். ஜெர்மன் தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ட்ஸ்பீட்டர் சியோலில் இருந்து ஒரு டாக்ஸியில் உள்ளே போய்ப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார். அந்த ஓட்டுநரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை ஏங்கினார். 2016 ஜனவரியில் அவர் இறந்தார். அவருடைய நகமும் முடியும் குவாங்ஜுவில் அடக்கம் செய்யப்பட்டன. 2017இல் படம் வெளிவந்த பிறகுதான் ஓட்டுநர் கிம் சா-போக்கின் மகன் முன்வந்து, அப்பா 1984இலேயே இறந்துவிட்டார் என்று தெரிவித்தார். நிஜ ஓட்டுநர் ஹோட்டல் டாக்ஸி வைத்திருந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர். படத்தில் வரும் கிம் மான்-சோப் கற்பனைப் பாத்திரம்: மனைவியை இழந்து ஒரே மகளோடு வாழும், வீட்டு வாடகை பாக்கி வைத்திருக்கும், போராடும் மாணவர்களைத் திட்டும் ஆள். ஒரு லட்சம் வோன் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் குவாங்ஜு போகிறார்.

இந்தப் படத்தில் அவரை நான் மதிப்பது ஒரு காட்சிக்காக. நடப்பதைப் பார்த்துப் பயந்துபோய், வெளிநாட்டுப் பயணியை அங்கேயே விட்டுவிட்டு மகளிடம் திரும்பக் கிளம்பிவிடுகிறார். வழியில் பக்கத்து ஊரில் மகளுக்குச் செருப்பு வாங்குகிறார், சாப்பிட உட்கார்கிறார். சுற்றி இருப்பவர்கள் குவாங்ஜுவைப் பற்றி அரசாங்கம் சொன்ன பொய்யைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் கொடுத்த சோற்று உருண்டையைக் கடிக்கிறார். குவாங்ஜுவிலும் ஒரு பெண் இதே மாதிரி உருண்டை பிடித்துக் கொடுத்திருந்தாள். காரில் ஏறி, மனதை மாற்றிக்கொள்ள ஒரு பழைய பாட்டைக் குஷியாகப் பாடத் தொடங்குகிறார். பாட்டு பாதியில் உடைகிறது. பாடிக்கொண்டே அழுகிறார். பிறகு வண்டி திரும்புகிறது. மகளிடம் போனில் சொல்வது இவ்வளவுதான்: அப்பா ஒரு பயணியை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீர வசனம் இல்லை, புரட்சி பற்றிய பேச்சு இல்லை. ஏற்றிய பயணியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓட்டுநரின் வேலை, அதைச் செய்யாமல் வந்துவிட்டோம் என்ற உறுத்தல் மட்டும். கொரியாவில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. அந்த நாட்டின் மக்கள் தொகையே சுமார் 5 கோடிதான்.

அரசியல் படங்களால் அவருக்குச் சிக்கல் வந்தது உண்மையா?

உண்மை. 2013 கடைசியில் வந்த 'த அட்டர்னி', பின்னாளில் ஜனாதிபதியான ரோ மூ-ஹ்யூன் வழக்கறிஞராக இருந்தபோது வாதாடிய வழக்கைத் தழுவியது. 1981இல் புத்தகம் படிக்கும் குழுவில் இருந்த மாணவர்களையும் மற்றவர்களையும் புசானில் பிடித்துச் சித்திரவதை செய்து தேசத் துரோகிகள் ஆக்கிய வழக்கு அது. (ரோவும் கிம்ஹேக்காரர்தான்.) சாங் காங்-ஹோ நடித்தது, கல்லூரிக்கே போகாமல் வழக்கறிஞராகி, பத்திரப் பதிவிலும் வரி விஷயத்திலும் பணம் பண்ணும் ஆளை. வறுமைக் காலத்தில் காசு கொடுக்காமல் ஓடிய சாப்பாட்டுக் கடைக்கு வசதி வந்த பிறகு போய்க் கணக்குத் தீர்க்கிறார். அந்தக் கடைக்கார அம்மாவின் மகனைப் போலீஸ் பிடித்துப் போகிறது. நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் முதல் பிரிவைச் சொல்லி, நாடு என்றால் மக்கள்தான் என்று அவர் கத்தும் இடத்தில் குரல் அழகாக இல்லை, பிசிறடிக்கிறது. அதனால்தான் அது நம்பும்படி இருக்கிறது.

அன்றைய பார்க் கியூன்-ஹே அரசு தனக்குப் பிடிக்காத கலைஞர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தது பின்னால் அம்பலமானபோது அவர் பெயரும் அதில் இருந்தது. 2017இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் இதைப் பற்றிப் பேசினார். ஒரு கதையைப் படிக்கும்போதே இது அரசாங்கத்துக்குப் பிடிக்காதோ என்று தனக்குள்ளேயே ஒரு தணிக்கை ஓடத் தொடங்குவதுதான் பயங்கரம் என்பது அவர் சொன்னதன் சாரம். 'த அட்டர்னி', 'எ டாக்ஸி டிரைவர்' இரண்டையுமே முதலில் வேண்டாம் என்றவர்தான் அவர். பயம் இருந்தது, பிறகு நடித்தார். அந்த ஓட்டுநர் வண்டியைத் திருப்பும் காட்சியில் அது எனக்குத் தெரிகிறது.

அரசர் வேடம் அவருக்குப் பொருந்துமா?

'த த்ரோன்' (2015) பாருங்கள். 1762இல் அரசர் யோங்ஜோ தன் மகன், பட்டத்து இளவரசர் சாடோவை ஓர் அரிசிப் பெட்டிக்குள் அடைத்து வைத்தார். எட்டாவது நாள் இளவரசர் இறந்தார். கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. மகனாக யூ ஆ-இன். நாற்பதுகளில் இருந்த சாங் காங்-ஹோ எழுபதை நெருங்கும் அரசராக நடித்தார். கெட்ட செய்தி கேட்டால் காதைக் கழுவுகிற, நல்ல காரியத்துக்கு ஒரு வாசலும் கெட்ட காரியத்துக்கு இன்னொரு வாசலுமாகப் பயன்படுத்துகிற கிழவர். மகன் படிப்பில் தேற வேண்டும் என்ற ஆசை எந்தப் புள்ளியில் கொடுமையாகிறது என்பதை அவர் பிரித்துக் காட்டுவதே இல்லை. தேர்வு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை வதைக்கும் பெற்றோர் உள்ள எந்த ஊரிலும் இந்தப் படம் உறைக்கும்.

துணை வேடங்களில் நடித்திருக்கிறாரா?

'சீக்ரெட் சன்ஷைன்' (2007). உச்சத்தில் இருந்த நேரத்தில் லீ சாங்-டோங்குக்காகக் கதாநாயகியின் பின்னால் நிற்கும் வேடம் ஏற்றார். கணவனை இழந்து மிரியாங் என்ற சிற்றூருக்கு வரும் பெண், அங்கே இன்னும் பெரிய துயரத்தைச் சந்திக்கிறாள். ஜோன் டோ-யோன் அதற்காகக் கானில் சிறந்த நடிகை விருது வாங்கினார். சாங் அவள்மேல் ஆசைப்படும் கார் மெக்கானிக். அவள் தேவாலயத்துக்குப் போனால் இவரும் போய் வாசலில் வண்டி நிறுத்த வழிகாட்டுவார். கொஞ்சம் அசட்டுத்தனம், கொஞ்சம் தொந்தரவு, ஆனால் ஒரு நாளும் விட்டுவிட்டுப் போகாதவர். முடிவில் அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ளும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைக் கேட்டால் அவர் நடித்ததிலேயே மிக நுட்பமான வேடம் இதுதான்.

கான் விருது எந்தப் படத்துக்கு? அதுதான் அவருடைய சிறந்த நடிப்பா?

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரே-எடா கொரியாவில் எடுத்த 'புரோக்கர்' படத்துக்கு, 2022 மே மாதம். அந்த விருதை வாங்கிய முதல் கொரிய நடிகர் அவர். கைவிடப்படும் குழந்தைகளை எடுத்துத் தத்துக்கு விற்கும் சலவைக்கடைக்காரர் வேடம். அதே இரவில் அவருடைய பழைய நண்பர் பார்க் சான்-வூக் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். அந்த அரங்கத்தில் இருவரும் கட்டிப்பிடித்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருடைய சிறந்த நடிப்பு என்று சொல்ல மாட்டேன். மென்மையான, நல்ல நடிப்பு. ஆனால் 'பாரசைட்' அதைவிடப் பெரியது. கானின் தலையாய பரிசான தங்கப் பனையை வென்ற படத்துக்குப் பொதுவாக இன்னொரு பரிசு சேர்த்துக் கொடுப்பதில்லை என்பதால் 2019இல் அவருக்குக் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தாலும் வந்ததே என்று சந்தோஷப்படுகிறேன்.

'பாரசைட்' நம் 'மின்சாரக் கண்ணா' கதையாமே?

2020இல் ஆஸ்கர் கிடைத்தபோது இங்கே பரவலாகக் கேட்ட பேச்சு. குடும்பமே உறவை மறைத்து ஒரு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்வது இரண்டிலும் இருக்கிறது. 'மின்சாரக் கண்ணா'வில் அது காதலுக்காக. 'பாரசைட்' அந்த இடத்தில் தொடங்கி, வர்க்கம், வாசனை, நிலத்தடி என்று வேறு திசையில் போகிறது. என் பார்வையில் ஒற்றுமை அந்தச் சூழலோடு நின்றுவிடுகிறது.

ஓடாத படங்களும் உண்டா?

நிறைய. 2005இல் அன்டார்க்டிகாவில் பயணம் போகும் குழுவைப் பற்றிய படம், 2018இல் 'த டிரக் கிங்', 2019இல் கொரிய எழுத்தை உருவாக்கிய அரசர் செஜோங்காக நடித்த 'த கிங்ஸ் லெட்டர்ஸ்' எல்லாம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. 'த கிங்ஸ் லெட்டர்ஸ்' படத்தில் எழுத்தை உருவாக்கியதில் ஒரு புத்தத் துறவிக்குப் பெரிய பங்கு கொடுத்தது வரலாற்றுத் திரிபு என்று கடும் எதிர்ப்பு வந்தது. படத்தைப் பற்றிய விவாதம் எப்படியோ, நோயில் கண் மங்கிக்கொண்டே எழுத்துக்காகப் போராடும் அரசராக அவரைப் பார்க்கலாம். 'த டிரக் கிங்' எனக்கும் பிடிக்கவில்லை. போதைக் கடத்தல்காரனின் ஆர்ப்பாட்டத்தை முதலிலிருந்தே உச்சத்தில் வைத்துவிட்டார்கள். மெதுவாக ஏறுவதற்கு அவருக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

தொடர்களில் நடித்திருக்கிறாரா?

2024இல் டிஸ்னி பிளஸுக்காக வந்த 'அங்கிள் சாம்சிக்' தான் அவருடைய முதல் தொடர். 1960ஐ ஒட்டிய கொரிய அரசியல் பின்னணி. தன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு மூன்று வேளையும் சோறு போடும் அரசியல் தரகர் வேடம். நிதானமாகப் போகும். அவர் சிரித்துக்கொண்டே பேரம் பேசும் காட்சிகளுக்காகப் பார்க்கலாம்.

டப்பிங்கில் பார்க்கலாமா?

மொழி புரியாவிட்டாலும் மூலக் குரலோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். அவர் நடிப்பில் பாதி குரலில் இருக்கிறது: வாக்கியத்தின் நடுவே இழுப்பது, ஒரு முனகல், சொல்ல வந்ததை விழுங்குவது. டப்பிங்கில் வாக்கியம் வந்துவிடும், முனகல் வராது.

முதல்முறை பார்ப்பவர் எங்கே தொடங்க வேண்டும்? வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா?

'எ டாக்ஸி டிரைவர்'. குடும்பமாகப் பார்க்கலாம். துப்பாக்கிச் சூட்டுக் காட்சிகள் வரும், அதனால் சிறு பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் இருந்து விளக்குங்கள். அடுத்து 'த அட்டர்னி', அதில் சித்திரவதைக் காட்சிகள் கொஞ்சம் கடுமை. சிரிப்பு வேண்டுமென்றால் 'த ஃபவுல் கிங்'. அதன் பிறகு 'ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா', 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'. இரண்டாவதைப் பெரியவர்கள் மட்டும் பாருங்கள். பார்க் சான்-வூக் எடுத்த 'தர்ஸ்ட்' (2009), ரத்தம் குடிப்பவராகிவிடும் பாதிரியார் கதை. அற்புதமான நடிப்பு, ஆனால் அது கண்டிப்பாக வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து பார்க்கும் படம் இல்லை. 'சீக்ரெட் சன்ஷைன்' படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற படங்களில் அவர் என்னவெல்லாம் செய்யக்கூடியவர் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான், அதில் அவர் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறார் என்பது தெரியும்.